நிலக்கடலையில் உரமும் பாக்டீரியாவும்: எதைச் சேர்ப்பது, எதைப் பிரித்து வைப்பது

விதையில் ரைசோபியம் பாக்டீரியாவும் கலந்தாயிற்று, உரமும் குறையில்லாமல் போட்டாயிற்று, செடியும் பச்சைப்பசேலென்று தழைத்து நின்றது. பிடுங்கிப் பார்த்தால் காய் இல்லை. நிலக்கடலை போடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. இப்படிப்பட்ட வயல்களில் பெரும்பாலும் உரத்திலும் குறை இருக்காது, பொட்டலத்திலிருந்த பாக்டீரியாவிலும் குறை இருக்காது. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும்படி இரண்டும் கொடுக்கப்பட்டிருக்கும். பாக்டீரியா தானே தயாரிக்கும் சத்தை நாம் அள்ளிக் கொட்டுகிறோம். பாக்டீரியாவால் தயாரிக்க முடியாத சத்துகளில் கைச்சிக்கனம் காட்டுகிறோம். உயிருள்ள பொருளை உப்பு உரத்தோடு ஒரே கூடையில் கலக்கிறோம். இந்த மூன்றும் சரியானால் மற்ற வேலைகள் எளிது.

முதலில் கணக்கு. ஒரு டன் காய் விளைய வேண்டுமானால், காய், கொடி, வேர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 முதல் 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் போயாக வேண்டும். யூரியாவில் இருப்பது 46 சதம். ஆக இது 110 முதல் 130 கிலோ யூரியாவுக்குச் சமம். அதுவும் ஆவியாகாமல், நீரோடு இறங்காமல் முழுதும் செடிக்குப் போய்ச் சேர்ந்தால். நடைமுறையில் அப்படிப் போவதில்லை. வேரில் நல்ல முடிச்சு பிடித்த நிலக்கடலை தன் தேவையில் பாதிக்கு மேல் காற்றிலிருக்கும் நைட்ரஜனைக் கொண்டே ஈடுகட்டிக்கொள்ளும். அந்த வேலையைச் செய்வது வேர் முடிச்சுக்குள் குடியிருக்கும் பிராடிரைசோபியம் வகை பாக்டீரியா. கடைகளில் ரைசோபியம் என்ற பொதுப்பெயரில் கிடைப்பதும் நிலக்கடலைக்கான பொட்டலமாக இருந்தால் இந்த வகைதான். பயிரின் பெயர் பொட்டலத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சோயாவுக்கான பொட்டலம் நிலக்கடலைக்கு உதவாது.

இந்த பாக்டீரியா வேருக்குள் நுழையும் வழி சற்று தனியானது. பல பயறு வகைகளில் அது வேர்த்தூவி வழியாக உள்ளே போகும். நிலக்கடலையில், ஆணிவேரைப் பிளந்துகொண்டு பக்கவேர் வெளியே வரும் இடத்தில் ஏற்படும் சிறு வெடிப்பு வழியாக நுழைகிறது. அதனால்தான் முடிச்சுகள் பெரும்பாலும் பக்கவேர் கிளைக்கும் கணுக்களில் உட்கார்ந்திருக்கும். இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல, வயலில் உதவும் செய்தி. பக்கவேர் எவ்வளவு அதிகமோ, நுழைவாயில்களும் அவ்வளவு அதிகம். மண் இறுகிக் கிடந்தாலோ, முளைக்குமுன் தெளிக்கும் பெண்டிமெத்தலின் போன்ற களைக்கொல்லி அளவு மீறினாலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலோ பக்கவேர் குறையும், முடிச்சும் குறையும். அப்போது எத்தனை பொட்டலம் கலந்தாலும் பாக்டீரியா நுழைய இடம் இருக்காது.

தழைச்சத்து: எவ்வளவு, எப்போது நிறுத்துவது

விதைப் பருப்பில் இருக்கும் சேமிப்பு முளைத்த செடிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். முடிச்சுகள் 15 முதல் 20 நாளில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். செடிக்கு உருப்படியாகத் தழைச்சத்து கொடுக்க 25 முதல் 30 நாள் ஆகிவிடும். இடையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பசிக்காலம். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் விதைப்பின்போது போடும் அடியுரத்தில் கொஞ்சம் தழைச்சத்து. ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ தழைச்சத்து, அதாவது 17 முதல் 22 கிலோ யூரியா போதும். அங்ககச்சத்து நன்றாக உள்ள மண்ணில் அதுவும் தேவைப்படாமல் போகலாம். மணற்பாங்கான, வெளிறிய மண்ணில் இதைக் கொடுக்காமல் விட்டால் செடி தொடக்கத்திலேயே கூனிப்போகும், முடிச்சுகளுக்கு அனுப்ப அதனிடம் சர்க்கரை இருக்காது.

பெரும்பாலான வயல்களில் கெடுதல் நடப்பது இதற்குப் பிறகு. விதைத்து 25-ஆம் நாள் வாக்கில் செடி சற்று வெளுத்துத் தெரியும். முதல் களையெடுப்பும் அப்போதுதான் நடக்கும். ஆள் இறங்கும் நாளில் கூடவே ஒரு மூட்டை யூரியாவை வீசிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு வாரத்தில் பயிர் கருகருவென்று மாறும். போட்டது வீண்போகவில்லை என்று மனம் நிறையும். ஆனால் முடிச்சுகள் வேலை தொடங்கும் அந்த வாரத்திலேயே வேரைச் சுற்றி நைட்ரேட் நிறைந்துவிட்டது. முடிச்சை வளர்ப்பது செடிக்குச் செலவு பிடிக்கும் காரியம். இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்கு அனுப்பி பாக்டீரியாவுக்குத் தீனி போட வேண்டும். தழைச்சத்து மண்ணிலேயே தயாராகக் கிடைக்கும்போது செடி அந்தச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. புதிய முடிச்சு உண்டாவது நிற்கும். இருக்கும் முடிச்சுகள் உற்பத்தியைக் குறைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் யூரியாவும் தீர்ந்துவிடும். அப்போதுதான் பூ பூத்து, நுனியில் காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும், தேவை உச்சத்தில் இருக்கும். யூரியாவும் இல்லை, முடிச்சும் இல்லை. போதாததற்குக் கொடி அதிகமாகத் தழைத்து நெருங்கி, காற்றோட்டம் குறைந்து, இலைப்புள்ளி நோய்க்கு இடம் கொடுத்திருக்கும்.

எனவே 25-ஆம் நாள் லேசான வெளிறலைக் கண்டு பதற வேண்டாம். அன்று செய்ய வேண்டியது வேரைத் தோண்டிப் பார்ப்பது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கோழி எரு தழைச்சத்து மிகுந்தது. ஏக்கருக்கு இரண்டு மூன்று டன் கோழி எருவைக் கொட்டிவிட்டு, "யூரியாவே போடவில்லையே, ஏன் முடிச்சு வரவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை. முந்தைய பயிருக்குத் தாராளமாக யூரியா போட்டு அது மண்ணில் மிச்சமிருந்தாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட நிலத்தில் அடியுரத் தழைச்சத்தை அறவே விட்டுவிடலாம்.

பாக்டீரியாவால் செய்ய முடியாதவை

காற்றிலிருக்கும் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரித்து அம்மோனியாவாக்க, பாக்டீரியா குறைந்தது 16 ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவிடுகிறது. ஏ.டி.பி. என்பது பாஸ்பேட்டைச் சுமந்த ஆற்றல் நாணயம். மணிச்சத்து குறைந்த மண்ணில் முடிச்சு சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, சோம்பிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். ரைசோபியம் கலந்தும் பலன் தெரியாத வயல்களில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது மணிச்சத்தைத்தான்.

மண் பரிசோதனை முடிவு கையில் இல்லாவிட்டால், ஏக்கருக்கு 16 கிலோ மணிச்சத்து, 16 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்று தொடங்கலாம். இது 100 கிலோ சூப்பர் பாஸ்பேட், 27 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷ். இதே மணிச்சத்தை 35 கிலோ டி.ஏ.பி. கொடுத்துவிடும், சுமையும் குறைவு. ஆனாலும் நிலக்கடலைக்கு சூப்பர் பாஸ்பேட்டையே பரிந்துரைப்போம். அந்த 100 கிலோவில் 16 கிலோ மணிச்சத்தோடு ஏறக்குறைய 11 கிலோ கந்தகமும் 20 கிலோ சுண்ணாம்புச்சத்தும் கூடவே வருகின்றன. இரண்டும் எண்ணெய்வித்துக்குக் கட்டாயம் தேவையானவை, டி.ஏ.பி.யில் இரண்டும் இல்லை. டி.ஏ.பி. போட்டே ஆக வேண்டுமென்றால் அதில் ஏற்கெனவே 6 கிலோ தழைச்சத்து இருப்பதைக் கணக்கில் எடுத்து யூரியாவைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போது சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் கொண்ட ஜிப்சத்தை விடவே கூடாது.

பாஸ்போபாக்டீரியா பற்றி ஒரு தெளிவு வேண்டும். அது மணிச்சத்தை உருவாக்குவதில்லை. கார மண்ணில் சுண்ணாம்போடும், அமில மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கும் பாஸ்பேட்டை, தான் சுரக்கும் கரிம அமிலங்களால் கரைத்து விடுவிக்கிறது. கரைக்க மண்ணில் ஏதாவது இருந்தால்தான் அதற்கு வேலை. ஆண்டுதோறும் டி.ஏ.பி. போட்டு மணிச்சத்து தேங்கிப்போன நிலத்தில் பாஸ்போபாக்டீரியாவைச் சேர்த்து, மணிச்சத்து உரத்தில் கால் பங்கு வரை குறைத்துப் பார்க்கலாம். மணிச்சத்து குறைவு என்று பரிசோதனை சொன்ன நிலத்தில் ஒரு கிலோவும் குறைக்கக் கூடாது. பாறை பாஸ்பேட்டோடு பாஸ்போபாக்டீரியா என்பது அமில மண்ணுக்கு நல்ல இணை. கார மண்ணில் அதை நம்பி சூப்பர் பாஸ்பேட்டைக் கைவிடுவது ஆபத்து.

நுண்ணூட்டங்களில் மாலிப்டினம் நேரடியாக இந்த வேலையோடு தொடர்புடையது. நைட்ரஜனைப் பிரிக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் நடுவில் இருப்பது மாலிப்டினமும் இரும்பும். அமில மண்ணில் மாலிப்டினம் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் முதலில் சுண்ணாம்பிட்டு மண்ணைத் திருத்துவதே சரி. அது பாக்டீரியா உயிர்பிழைக்கவும் உதவும். தனியாக மாலிப்டினம் கொடுப்பதானால் ஏக்கருக்கு 200 கிராம் அம்மோனியம் மாலிப்டேட்டுக்கு மேல் வேண்டாம். அதையும் மணலில் கலந்து மண்ணில் இடுங்கள். ரைசோபியம் பூசும் விதையில் இந்த உப்பைக் கலந்தால் பாக்டீரியாவே பாதிக்கப்படும். அளவு மீறினால் கொடியைத் தின்னும் மாடுகளுக்குத் தாமிரச்சத்துக் குறைபாடு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். போரான் குறைந்த நிலத்தில் பருப்பின் நடுவில் குழி விழுந்து பழுப்பாக இருக்கும். ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ் போதும். கூடினால் இலை ஓரம் கருகும்.

விதையில் பூசும் முறை

நிலக்கடலைப் பருப்பின் தோல் மெல்லியது. மற்ற பயறுகளைப் போல ஊற வைத்தோ, தண்ணீர் விட்டுப் பிசைந்தோ கலக்க முடியாது. தோல் உரிந்தால் பருப்பு இரண்டாகப் பிளக்கும், பூஞ்சாணம் ஏறும், முளைப்பு விழும். எனவே ஈரத்தை அளந்து பயன்படுத்த வேண்டும்.

ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பொட்டலத்தில் ரைசோபியம் இரண்டு, பாஸ்போபாக்டீரியா ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நன்றாக ஆறிய கஞ்சி அல்லது பத்து சத வெல்லக் கரைசல் 600 முதல் 750 மில்லி. ஒரு கிலோ பருப்புக்கு 15 மில்லியைத் தாண்டக் கூடாது என்பதுதான் இதில் காக்க வேண்டிய எல்லை. கஞ்சி இளஞ்சூடாக இருந்தாலும் வேண்டாம். 40 பாகை வெப்பத்திலேயே பாக்டீரியா வேகமாக மடியும். பொடியைக் கஞ்சியில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பருப்பைப் பாலித்தீன் விரிப்பில் பரப்பி, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரிப்பின் நான்கு முனைகளையும் இருவர் பிடித்து மெல்ல உருட்டினால் போதும். கையால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. ஒரே தடவையில் 50 கிலோவையும் போடாமல் பத்துப் பத்து கிலோவாகச் செய்தால் பூச்சு சீராக வரும். நிழலில் அரைமணி நேரம் பரப்பி வைத்தால் கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்துவிடும். அன்றே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், விதைத்து மண்ணை மூடிவிட வேண்டும். விதைப்பு நடக்கும் வரப்பில் பூசிய விதையை வெயிலில் திறந்து வைத்தால் செய்த வேலை அத்தனையும் வீண். நனைத்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள்.

விதைக்கும் கருவி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூச்சுப் பொடி உதிர்ந்து விதைத் தட்டின் துவாரங்களில் படியும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு விதை விழும் இடைவெளி மாறும். நடுவில் நிறுத்தித் தட்டைத் துடைக்க வேண்டும்.

விதை நேர்த்தியின் வரிசை மாறினால் பெரிய நட்டம். முதலில் பூஞ்சாணக்கொல்லி, அடுத்து தேவையிருந்தால் பூச்சிக்கொல்லி, கடைசியில்தான் ரைசோபியம். கார்பென்டசிம் என்றால் கிலோவுக்கு 2 கிராம் வீதம் உலர்வாகக் கலந்து, 24 மணி நேரம் விட்டுப் பின்னர் பாக்டீரியாவைப் பூச வேண்டும். தாமிரம் கலந்த மருந்து பட்ட விதையில் ரைசோபியம் பிழைக்காது; கேப்டான் என்ற பூஞ்சாணக்கொல்லியும் அதற்குக் கெடுதல்தான். டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் போடுகிறவர்களுக்கு ரைசோபியத்தோடு சிக்கல் இல்லை. ஆனால் டிரைக்கோடெர்மாவும் கார்பென்டசிமும் ஒரே விதையில் சேரக் கூடாது. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே, கார்பென்டசிம் அதையும் கொல்லும்.

மருந்து கலந்தே வரும் விதையாக இருந்தாலோ, தோல் உரியும் பயம் இருந்தாலோ விதையில் பூசுவதை விட்டுவிட்டுச் சாலில் கொடுப்பது மேல். எங்கள் அனுபவத்தில் நிலக்கடலைக்கு இதுவே நம்பகமான வழி. திரவ உயிர் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவு எடுத்து ஏக்கருக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீரில் கலந்து, கைத்தெளிப்பானின் முனையைக் கழற்றி ஒற்றைத் தாரையாக, விதை விழும் சாலிலேயே விட வேண்டும். விட்ட கையோடு மண் மூட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. வேறு வழியில்லாவிட்டால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். தெளிப்பானில் முன்பு தாமிரப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றியிருந்தால் பலமுறை கழுவுங்கள். இயன்றால் உயிர் உரத்துக்கென்று ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். திரவம் கிடைக்காவிட்டால் பொட்டல உயிர் உரத்தை, ரைசோபியம் நான்கும் பாஸ்போபாக்டீரியா நான்குமாக, பத்து கிலோ மக்கிய தொழு உரத்தோடும் பத்து கிலோ ஈர மணலோடும் கலந்து மாலையில் சாலில் தூவலாம். வயல் முழுதும் வீசினால் வேர் வளரும் இடத்துக்குச் சேருவது சொற்பமே.

பொட்டலத்தின் காலாவதி நாளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்றும் பாருங்கள். தகரக் கூரைக்கடியில் உர மூட்டைகளின் மேல் கிடந்த பொட்டலத்தில் நாள் மிச்சமிருந்தாலும் உயிர் மிச்சமிருக்காது.

உரத்தை எங்கே வைப்பது

உரத்தையும் பாக்டீரியாவையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்று சொன்னால் ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வோர் உண்டு. ஒரே பயிருக்கு இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் அல்ல. சூப்பர் பாஸ்பேட்டில் அமிலம் ஒட்டியிருக்கும். பொட்டாஷ் அடர்த்தியான உப்பு. டி.ஏ.பி.யும் யூரியாவும் கார மண்ணில் கரையும்போது அம்மோனியா கிளம்பும். இவற்றில் எது விதையைத் தொட்டாலும் பாக்டீரியா மடிவதோடு முளையும் சேதப்படும். விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் உரம் விழுவது சரியான இடம். அதற்குக் கருவி இல்லாதவர்கள் கடைசி உழவில் உரத்தைப் போட்டு மண்ணோடு கலந்துவிட்டு, அதன் பிறகு விதைக்கலாம். சாம்பல்சத்து முழுவதையும் இப்படி அடியில் போட்டுவிடுவது நல்லது. காய் பிடிக்கும் மேல்மண்ணில் பின்னால் பொட்டாஷ் தூவினால் சுண்ணாம்புச்சத்தைக் காய் உறிஞ்சவிடாமல் போட்டி போடும், பருப்பு நிரம்பாத பொக்குக் காய் கூடும்.

உரத்தையும் உயிரையும் பொருத்தமாகச் சேர்க்கும் வழி ஒன்று உண்டு. அது ஊட்டமேற்றிய தொழு உரம். ஏக்கருக்கான சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ மக்கிய, பொடித்த தொழு உரத்தோடு கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் குவித்து, மண் பூசி ஒரு மாதம் மூடி வைப்பது. பாஸ்பேட் மண்ணில் நேரடியாகப் பட்டுக் கட்டுண்டு போவது இதனால் குறைகிறது. குவியலைப் பிரித்துப் பரப்பி, சூடு தணிந்ததா என்று கை வைத்துப் பார்த்து, வயலுக்குக் கொண்டுபோகும் அன்று மட்டும் பாஸ்போபாக்டீரியாவைத் தூவிக் கலக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே கலந்து குவியலின் சூட்டில் வைப்பதால் பயனில்லை.

மானாவாரியில் மழையை எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணில் விதைப்பதும் உண்டு. அங்கே விதையில் பூசிய பாக்டீரியா சூடான மண்ணில் சில நாள்கூடத் தாங்குவது கடினம். மழை பெய்து ஈரம் கண்டபின் விதைப்பதானால் மட்டுமே பொட்டலத்துக்குச் செலவழியுங்கள். இறவையில் தண்ணீர் தேங்குவதும் கெடுதல். முடிச்சு மூச்சு விட வேண்டும். இரண்டு நாள் நீர் நின்றாலே வேலை நின்று இலை வெளுக்கும்.

வேரைத் தோண்டிப் பார்ப்பது

விதைத்து 30-லிருந்து 40 நாளுக்குள் வயலில் ஐந்தாறு இடங்களில் பாருங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும், ஒன்றுமில்லை என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். மண்வெட்டியால் செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில், 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மண்ணைக் கரைய விடுங்கள். ஆணிவேரிலும் அதையொட்டிய பக்கவேர்களிலும் ஒரு செடிக்குப் பதினைந்து இருபது முடிச்சுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. அடுத்து நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், பாக்டீரியாவுக்கு அளவான ஆக்சிஜன் கொடுக்கும் பொருள். வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை அல்லது உதவாத இனம் குடியேறியிருக்கிறது. பச்சை அல்லது பழுப்பு என்றால் ஓய்ந்துபோனது. எண்ணிக்கை நிறைய, நிறம் வெள்ளை என்பது அடிக்கடி காணும் காட்சி. மண்ணில் இயற்கையாக இருக்கும் இனங்களோடு நிலக்கடலை எளிதில் கூட்டு சேரும். சேர்ந்தவை எல்லாம் உழைப்பதில்லை.

நூற்புழு உண்டாக்கும் வீக்கத்தை முடிச்சென்று நினைத்துவிடக் கூடாது. பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்றுவிடும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும். வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

வெளிறலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடியிலைகள் முதலில் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனி இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சாதாரணம். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை, அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் வீதம் கரைத்து, சற்று எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இலையில் தெளிக்க வேண்டும். இரும்பு குறைந்தால் முடிச்சும் வளராது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இளம் இலை நரம்போடு சேர்ந்து முழுதும் வெளுத்தால் கந்தகத்தைச் சந்தேகப்படுங்கள்.

அடியிலை வெளுத்து, முடிச்சும் இல்லை என்று உறுதியானால் பயிரைக் காப்பாற்றத் தழைச்சத்து கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் பாக்டீரியாவைத் தண்ணீரில் விடுவதால் பெரிய பயன் கிடைக்காது, பருவம் கடந்துவிட்டது. ஏக்கருக்கு 50 கிலோ அம்மோனியம் சல்பேட், ஈரமான மண்ணில், இலை காய்ந்திருக்கும்போது தூவி, பதினைந்து நாள் கழித்துத் தேவையைப் பார்த்து மறுபடி. யூரியாவைவிட இதைச் சொல்வது கந்தகமும் சேர்ந்து வருவதால்.

ஜிப்சம்

பாக்டீரியா எவ்வளவு தழைச்சத்து கொடுத்தாலும் காய்க்குள் பருப்பு நிரம்புவது சுண்ணாம்புச்சத்தைப் பொறுத்தது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்தோடு இலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். காய்க்குத் திரும்பி இறங்காது. மண்ணுக்குள் போன விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள 5 முதல் 8 செ.மீ. மண்ணிலிருந்து நேரடியாக அதை எடுத்துக்கொள்கின்றன. எனவே ஏக்கருக்கு 160 முதல் 200 கிலோ ஜிப்சத்தை, 40-லிருந்து 45 நாளுக்குள், செடி வரிசையின் அடியில் விழும்படி போட்டு மண் அணைக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் பாதியை அடியுரத்தோடும் மீதியை இந்த நேரத்திலும் பிரித்துக் கொடுக்கலாம். போட்ட பிறகு மேல்மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் ஜிப்சம் கரையாது, காயும் உறிஞ்சாது. 45 நாளுக்குப் பிறகு கொத்துவதோ களைவெட்டுவதோ விழுதை அறுக்கும்; களை இருந்தால் கையால் பிடுங்குவதே வழி.

உங்கள் நிலத்துக்கு எது தேவை என்று அறிய

நிலக்கடலையே போடாத புது நிலம், நான்கைந்து ஆண்டு இடைவெளி விட்ட நிலம், தண்ணீர் கட்டி நெல் நட்ட நிலம், வெயிலில் வறளும் மணல் நிலம் ஆகியவற்றில் ரைசோபியம் தெளிவாகப் பலன் தரும். ஆண்டுதோறும் நிலக்கடலை போடும் நிலத்தில் மண்ணிலேயே ஏராளமான பாக்டீரியா இருக்கும். புதிதாக வருவது அவற்றோடு போட்டி போட்டு ஜெயிப்பது கடினம். பொதுப் பரிந்துரையைவிட நம் வயலிலேயே ஒரு சிறு சோதனை தெளிவான விடை தரும்.

மண் ஒரே மாதிரி உள்ள இடத்தில் மூன்று பட்டைகள், ஒவ்வொன்றும் 30 செ.மீ. இடைவெளியில் நான்கு வரிசை, 10 மீட்டர் நீளம். ஒரு பட்டை 12 சதுர மீட்டர். முதல் பட்டையில் ரைசோபியம் இல்லாத விதை. இரண்டாவதில் ரைசோபியம் பூசிய விதை. மூன்றாவதில் ரைசோபியம் இல்லை, ஆனால் மொத்தம் 260 கிராம் யூரியாவை விதைப்பில், 25-ஆம் நாள், 45-ஆம் நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்துக்குச் சமம். மணிச்சத்து, சாம்பல்சத்து, ஜிப்சம் மூன்றுக்கும் ஒரே அளவு. பூசாத விதையை முதலில் விதைத்து முடியுங்கள். பூசியதைத் தொட்ட கையும் கருவியும் மற்றப் பட்டைக்குப் பாக்டீரியாவைக் கொண்டுபோய்விடும். அறுவடையில் ஓர வரிசைகளை விட்டு நடு இரண்டு வரிசைக் காயை மட்டும் உலர்த்தி எடை போடுங்கள். அது 6 சதுர மீட்டர். கிராமில் வந்த எடையை 0.67-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று தெரியும்.

இரண்டாம் பட்டையும் மூன்றாம் பட்டையும் ஏறக்குறைய சமமாக இருந்து முதல் பட்டை பின்தங்கினால், பொட்டலம் தன் வேலையை முழுதாகச் செய்திருக்கிறது. மேலுர யூரியா இனி வேண்டாம். மூன்றாவது மட்டும் உயர்ந்து முதலும் இரண்டாவதும் சமமாகத் தாழ்ந்திருந்தால், மண்ணில் தழைச்சத்து போதவில்லை, பாக்டீரியாவும் கொடுக்கவில்லை. பொட்டலத்தின் தரம், விதையில் பட்ட மருந்து, மண்ணின் கார அமில நிலை, மாலிப்டினம் என்று இந்த வரிசையில் தேடுங்கள். மூன்றும் சமமாக இருந்தால் அந்த நிலத்தில் விளைச்சலைத் தடுப்பது தழைச்சத்தே அல்ல. மண்ணிலுள்ள பாக்டீரியா போதுமான அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஒரு பிடி காயை உடைத்துப் பாருங்கள்: பொக்கு மிகுந்திருந்தால் ஜிப்சமும் விழுது இறங்கும் காலத்து ஈரமும், பருப்பு நிரம்பியும் காய் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மணிச்சத்தும் செடி எண்ணிக்கையும்தான் அடுத்த பருவத்தில் சரிசெய்ய வேண்டியவை.